உயரழுத்தக் கம்பியும் குட்டி வீசும் ஆடுகளும்

கேள்வி: டாக்டர் சாருக்கு வணக்கம். சாயல்குடிக்குக் கிழக்கே கடற்கரையோரம் எங்கள் ஊர். 26 உருப்படி கொடி ஆடு வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் காட்டின் மேலே பெரிய கோபுரம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். கொட்டிலிலிருந்து எழுபது அடி இருக்கும். இந்தத் தை, மாசியில் ஐந்து ஆடு நாலு மாசச் சினையில் குட்டியை வீசிவிட்டன. அதில் ஒரு குட்டிக்கு முன்னங்கால் இரண்டும் முறுக்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி கம்பிக்கடியில் டியூப்லைட்டைத் தூக்கிப் பிடித்தான், ஒயரே இல்லாமல் எரிந்தது. வயிற்றில் இருக்கும் குட்டியைக் காந்த அலை ஊனமாக்கும், வெளிநாட்டில் எலியையும் கோழி முட்டையையும் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததைக் காட்டினான். அவர்கள் ஆடும் இதே கம்பிக்கடியில்தான் மேய்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. புரட்டாசியில் சந்தையில் ஒரு கிடாவும் இரண்டு பெட்டையும் பிடித்து வந்தோம், எங்களுக்குத்தான் நேரம் சரியில்லை போல. தீபாவளி கழிந்த வாரம் மகன் எல்லா ஆட்டுக்கும் பூச்சி மருந்து கொடுத்தான், அதிலும் குறை வைக்கவில்லை. மருமகள் ஐந்து மாசம் முழுகாமல் இருக்கிறாள். செத்த குட்டியையும் நஞ்சையும் அவள்தான் அள்ளிக்கொண்டுபோய் உடைமரத்தடியில் போடுகிறாள், எனக்குக் குனிய முடியாது. ஆட்டை விற்றுவிடட்டுமா? மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பட்டுமா?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பிறகு வருகிறேன். கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து உங்கள் மருமகள் கொட்டிலுக்குள் காலெடுத்து வைக்க வேண்டாம். கம்பிக்காகச் சொல்லவில்லை. அவள் வெறுங்கையால் அள்ளிப் போட்டாளே, அந்த நஞ்சுக்கொடிக்காகச் சொல்கிறேன்.

வெள்ளாடு சினையின் கடைசி இரண்டு மாதத்தில் வரிசையாகக் குட்டி வீசினால், அதாவது சினை கலைந்து குறைமாதத்தில் குட்டி விழுந்தால், எங்களைப் போன்ற கால்நடை மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தொற்றுதான். புருசெல்லா, கிளமிடியா, கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா, டாக்ஸோபிளாஸ்மா என்று நாலைந்து பேர் அந்த வரிசையில் நிற்கிறார்கள். நாலும் ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியவை. நாலும் கர்ப்பிணிக்கு ஆகாதவை. வீசிய குட்டி, நஞ்சுக்கொடி, அதோடு வரும் நீர் ஆகிய மூன்றிலும்தான் கிருமி கோடிக்கணக்கில் குவிந்திருக்கும். கையில் ஒரு சின்னச் சிராய்ப்பு போதும். சிலது மூச்சுக்காற்றோடேயே உள்ளே போய்விடும்.

எனக்கே நடந்தது இது. பணியில் சேர்ந்த இரண்டாவது வருஷம், கன்று வீசிய மாட்டுக்கு நஞ்சு விழவில்லை என்று கூப்பிட்டார்கள். கையுறை தீர்ந்துபோயிருந்தது. தோள்வரை கையை விட்டு எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, அந்த வீட்டிலேயே காபியும் குடித்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துச் சாயங்காலமானால் காய்ச்சல், விடியற்காலையில் சட்டை பிழிகிற மாதிரி வேர்வை, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடியும். டைபாய்டு என்று ஒரு மாதம் மருந்து சாப்பிட்டேன். கடைசியில் ஒரு மூத்த டாக்டர், “நீங்கள் மாட்டு டாக்டர்தானே?” என்று கேட்டுவிட்டு ரத்தத்தைப் புருசெல்லாவுக்கு அனுப்பினார். அந்த ஒரு கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மருமகள் அடுத்த தடவை செக்கப்புக்குப் போகும்போது, “எங்கள் வீட்டில் ஆடு குட்டி வீசுகிறது, நான் கையால் எடுத்துப் போட்டேன்” என்று அவளாகவே சொல்ல வேண்டும். அடுத்த தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம், இந்த வாரமே போகட்டும். ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தொற்று இருந்தாலும் கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, அதை மகப்பேறு டாக்டர் முடிவு செய்வார். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் காய்ச்சல் அடித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இப்போது கம்பிக்கு வருவோம்.

டியூப்லைட் எரிந்தது உண்மைதான், பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை எரிய வைத்தது காந்தப்புலம் இல்லை, மின்புலம். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, குணம் வேறு. மின்புலம் கம்பியில் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. ஓட்டு வீடு, சுவர், மரம் என்று எது குறுக்கே வந்தாலும் பெரும்பாலும் அடங்கிவிடும். காந்தப்புலம் கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது. சுவரைத் தாண்டி வரும், ஆனால் தூரம் போகப் போக வேகமாக வற்றிவிடும். அதை மைக்ரோடெஸ்லா என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். பூமிக்கே ஒரு காந்தப்புலம் உண்டல்லவா, நம் பக்கத்தில் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழ்நாட்டை ஒட்டிப் போவதால் நம் கரையில் திசைகாட்டி ஊசி ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அது அசையாத புலம். கம்பியிலிருந்து வருவது நொடிக்கு 50 தடவை திசை மாறும் புலம். பெரிய கம்பிக்கு நேர்கீழே நின்றால் பொதுவாகச் சில மைக்ரோடெஸ்லாவிலிருந்து பத்து இருபது வரை இருக்கும். உங்கள் கொட்டில் இருக்கும் எழுபது அடியில் அதுவும் நன்றாகக் குறைந்திருக்கும். பொதுமக்களுக்கு 200 மைக்ரோடெஸ்லா வரை போகலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் 2010இல் வைத்தது.

வாட்ஸப்பில் வந்த கோழி முட்டைக் கதைக்கும் ஒரு மூலம் இருக்கிறது. 1982இல் ஹோசே டெல்காடோ என்பவரும் அவர் கூட்டாளிகளும் மாட்ரிட்டில் அந்தச் சோதனையைச் செய்தார்கள். இந்த டெல்காடோ லேசுப்பட்ட ஆள் இல்லை. அறுபதுகளில் காளையின் மூளையில் கருவியைப் பொருத்தி, பாய்ந்து வரும்போது ரேடியோ பொத்தானை அழுத்தி நிறுத்திக் காட்டியவர். நம் மஞ்சுவிரட்டுக்காரர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்! அவர் அடைகாக்கும் கோழி முட்டைகளை முதல் 48 மணிநேரம் மிக மெலிந்த, விட்டுவிட்டுத் துடிக்கும் காந்தப்புலத்தில் வைத்தார். கரு வளர்ச்சியில் கோளாறு தெரிகிறது என்று எழுதினார். உலகமே பயந்தது. உண்மையா என்று பார்க்க, ஒரே மாதிரிக் கருவிகளை ஆறு ஆய்வகங்களுக்குக் கொடுத்து, ஒரே மாதிரிச் செய்யச் சொன்னார்கள். கோழிக்கூண்டுத் திட்டம் என்றே அதற்குப் பெயர். முடிவு 1990இல் வந்தது. ஐந்து இடங்களில் புலத்தில் வைத்த முட்டைகளில் கோளாறு கொஞ்சம் கூடுதல். ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்குக் கூடியது இரண்டே இடங்களில்தான். ஒரே கருவி, ஒரே முறை, ஆனாலும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை மாறியது. அதை ஒன்றுமில்லை என்று நான் தூக்கி எறிய மாட்டேன். ஆனால் முட்டை வேறு, சினை ஆடு வேறு. முட்டைக்கருவுக்குத் தாயின் ரத்த ஓட்டம் இல்லை. சூட்டில் சிறு மாற்றம் வந்தாலும், முட்டையைப் புரட்டுவதில் பிசகினாலும் கெட்டுப்போகும். அதோடு அங்கே பயன்படுத்தியது வெட்டி வெட்டி வரும் துடிப்பு, கம்பியிலிருந்து வரும் சீரான அலை இல்லை.

பாலூட்டிகளில் செய்த சோதனைகள்தான் நமக்கு நெருக்கம். 1996இல் சிகாகோவிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். சினை எலிகளை 6ஆம் நாளிலிருந்து 19ஆம் நாள் வரை, தினம் 18.5 மணிநேரம் புலத்திலேயே வைத்திருந்தார்கள். எலிக்குச் சினைக்காலமே மூன்று வாரம்தான், ஆகவே உறுப்பு உருவாகும் காலம் முழுக்க அதில் அடக்கம். உச்ச அளவு 1000 மைக்ரோடெஸ்லா. உங்கள் கொட்டிலில் இருப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. குட்டிகளின் எண்ணிக்கை, எடை, ஊனம் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2007இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய ஆய்வுகளை மொத்தமாக அலசியபோதும் அதையேதான் சொன்னது. 20,000 மைக்ரோடெஸ்லா வரை போனாலும் எலி, சுண்டெலிகளில் பெரிய ஊனம் வருவதாகத் தெரியவில்லை. சில ஆய்வுகளில் மட்டும் எலும்பில் சின்னச் சின்ன மாறுபாடுகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன. அப்படிப்பட்ட மாறுபாடுகள் எந்தப் புலமும் படாத குட்டிகளிலும் சகஜமாக இருப்பவை. கால் முறுக்கிக் கிடந்த உங்கள் குட்டியோடு அதை ஒப்பிட முடியாது.

எலி ஆடாகுமா என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 500 கிலோவோல்ட் கம்பிக்கு நேர் கீழே பட்டி போட்டு, பெட்டைச் செம்மறிக் குட்டிகளைப் பத்து மாதம் அங்கேயே கட்டி வளர்த்தார்கள். அங்கே அளந்த காந்தப்புலம் சராசரியாக 4 மைக்ரோடெஸ்லா. இரவில் சுரக்கும் மெலடோனின், பருவத்துக்கு வரும் வயது இரண்டுமே கம்பியில்லாத இடத்தில் வளர்ந்த குட்டிகளைப் போலத்தான் இருந்தன. அது சினை ஆடுகளில் செய்த ஆய்வு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கறவை மாடுகளைக் கனடாவில் ஒரு அறைக்குள் 30 மைக்ரோடெஸ்லாவிலும் கடுமையான மின்புலத்திலும் வைத்துப் பார்த்தபோது பருவச் சுழற்சி கொஞ்சம் நீண்டது, தீவனம் எடுப்பது கொஞ்சம் மாறியது. உடம்புக்குப் புலமே தெரியாது என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் ஒரே மந்தையில் இரண்டு மாதத்தில் ஐந்து குட்டியை விழவைக்கும் பலம் அதற்கு உண்டு என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை.

மருமகளுக்காகவும் கேட்டிருக்கிறீர்கள், அதனால் மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 913 கர்ப்பிணிகள் ஒரு நாள் முழுக்க அளவுமானியை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். புலம் மிகக் குறைவாக இருந்த கால்பங்குப் பெண்களில் 10.4 சதவீதம் பேருக்குக் கரு கலைந்தது, மற்றவர்களில் 24.2 சதவீதம். கேட்டால் திக்கென்றுதான் இருக்கும். அதே குழுவின் முந்தைய ஆய்வு 2002இல் வந்தபோதே வேறொரு ஆய்வாளர் ஒரு குறுக்குக் கேள்வி போட்டிருந்தார். நல்ல மசக்கை இருக்கிற பெண் எங்கே போவாள்? வாந்தி எடுத்துவிட்டு மூலையில் படுத்திருப்பாள், மானியில் ஒன்றும் ஏறாது. மசக்கை பெரும்பாலும் கரு நன்றாக நிற்கிறது என்பதற்கு அடையாளம். மசக்கை இல்லாதவள் கடை கண்ணி, பஸ், ஆபீஸ் என்று அலைவாள், மானி ஏறும். அப்படியானால் எது காரணம், எது விளைவு? இந்த வாதம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இவ்வளவுதான் சொல்வேன்: தலைமாட்டில் இன்வெர்ட்டரோ மெயின் போர்டோ இருந்தால் கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்று, இண்டக்‌ஷன் அடுப்பில் வயிறு ஒட்ட நிற்காதே. காசு செலவில்லாத காரியம்.

காந்தப்புலம் வளரும் கருவில் தடம் பதிக்கும் இடம் ஒன்று உண்டு, அது உங்கள் கரையிலேயே இருப்பதால் சொல்கிறேன். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறையினர் ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலாமை பூமியின் காந்தப்புலத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது. அமெரிக்காவில் பெருந்தலை ஆமை முட்டைகளைக் காந்தம் வைத்துப் புலத்தைக் கலைத்த இடத்தில் பொரிக்க வைத்தார்கள். குஞ்சுக்கு ஊனம் எதுவும் இல்லை, ஆனால் காந்த வழி பார்த்து நீந்தும் திறன் குழம்பியிருந்தது. முட்டையை நாய் தோண்டாமலிருக்கப் போடும் இரும்பு வலைக்கூண்டே புலத்தைச் சற்றுக் கோணலாக்கும் என்று அளந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆடு அப்படி வழி பார்த்துக் கடல் கடக்கும் பிராணி இல்லை.

இனி உங்கள் கடிதத்துக்கே திரும்புகிறேன். விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை, அவ்வளவுதான். கம்பி வந்து இரண்டு வருஷம். போன வருஷம் ஆடுகள் ஒழுங்காகத்தானே ஈன்றன? அதே கம்பிக்கடியில் மேயும் பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. உங்கள் மந்தையில் மட்டும் புதிதாக என்ன நுழைந்தது? புரட்டாசியில் சந்தையிலிருந்து வந்த கிடாவும் இரண்டு பெட்டையும். கிடாவின் விதைப்பையைப் பிடித்துப் பாருங்கள். ஒருபக்கம் வீங்கியோ கல்லாகவோ இருந்தால் புருசெல்லாச் சந்தேகம் இன்னும் கூடும். முதலில் வீசியது அந்தப் புதுப் பெட்டைகளில் ஒன்றா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

கால் முறுக்கின குட்டிக்கு எனக்குத் தோன்றும் காரணம் வேறு. தீபாவளி கழிந்த வாரம் கொடுத்தீர்களே பூச்சி மருந்து, அந்தப் பாட்டிலோ மாத்திரை அட்டையோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். அல்பெண்டசோல் என்று போட்டிருந்தால் கணக்குச் சரியாக வருகிறது. புரட்டாசிக் கடைசியில் கிடா சேர்ந்த ஆடு, தீபாவளிக்குப் பிறகு நாலைந்து வாரச் சினையில் இருந்திருக்கும். கைகால், எலும்பு எல்லாம் உருவெடுக்கும் பருவம் அது. அந்த நேரத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டியில் எலும்பு, சிறுநீரகம் போன்ற உறுப்புகள் கோணலாகலாம் என்பது ஆடுகளில் நன்றாகத் தெரிந்த விஷயம், மருந்துச் சீட்டிலேயே எச்சரிக்கை இருக்கும். பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. உங்கள் மகனைத் திட்டாதீர்கள், மழைக்காலத்தில் பூச்சி மருந்து கொடுத்தது நல்ல பழக்கம்தான். சினை ஆட்டுக்கு எது கொடுக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு மருந்து சொல்லியிருப்பார்கள். கிடா சேர்ப்பதற்கு முன்பே பூச்சி நீக்கிவிடுவது எல்லாவற்றையும்விட உத்தமம்.

இதெல்லாம் என் ஊகம்தான். கடிதத்தைப் பார்த்து நோய் சொல்லக் கூடாது, சோதனைதான் சொல்ல வேண்டும். அடுத்து ஏதாவது ஆடு வீசினால் மகன் கையுறை மாட்டி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, குட்டியையும் நஞ்சையும் இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, ஐஸ் நிரப்பிய தெர்மகோல் பெட்டியில் வைக்கட்டும். மீன் பெட்டிக்கும் ஐஸுக்கும் உங்கள் ஊரில் பஞ்சமா? ஆனால் அந்தப் பெட்டியைத் திரும்ப மீனுக்கு எடுத்துவிடாதீர்கள். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் சொன்னால் மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். வந்து பார்க்க வண்டி வேண்டுமென்றால் 1962க்கு அடியுங்கள். வீசிய ஐந்து ஆடு, கிடா, புதுப் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். புருசெல்லாவுக்குச் சோதனை சிரமமானதில்லை. மாட்டுக் கன்றுகளுக்குப் போடும் புருசெல்லாத் தடுப்பூசியை ஆட்டுக்குப் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், சினை ஆட்டுக்கு அதுவே வினையாகும்.

உடைமரத்தடியில் போட்டதை மகன் எடுத்து, ஆள் இடுப்பளவு குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கட்டும். மேலே முள்ளைப் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியே நாய் தோண்டி ஊர் முழுக்க இழுத்துவிடும். உடை நெற்று பொறுக்கத்தான் எல்லார் ஆடும் அந்த மரத்தடிக்கு வரும், பக்கத்து வீட்டு ஆடு உட்பட. அந்த இடத்தில் நாலு கூடை சுண்ணாம்பைத் தூவிவிடுங்கள். ஆட்டுப்பால் யாராவது குடித்தால் பொங்கக் காய்ச்சின பிறகுதான். சின்னப் பிள்ளைக்கு மடியிலிருந்து பீய்ச்சிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அது இன்றோடு போகட்டும்.

ஆட்டை விற்கட்டுமா என்றால், வேண்டாம் அம்மா. முடிவு வருகிற வரை ஒன்றைக்கூட விற்காதீர்கள். உங்களுக்குச் சந்தையிலிருந்து வந்த வினையை இன்னொரு வீட்டுக்கு ஏற்றி அனுப்புவதாக ஆகிவிடும். கிடாவைத் தனியாகக் கட்டுங்கள், வீசிய ஐந்தையும் வேறு இடத்தில் அடையுங்கள். இன்னும் சினையாக நிற்பவற்றோடு கலக்க வேண்டாம்.

மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது பற்றி: முதலில் டாக்டரிடம் போய்விட்டு வரட்டும். பிறகு அனுப்புவதாக இருந்தால் அனுப்புங்கள். ஆனால் தாய்வீட்டிலும் ஆடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.